மரியாந்தியின் மாடி

ஸ்டெர்யோஸ் வீட்டுக் கூரையில் முப்பத்தாறு பிளாஸ்டிக் பாட்டில்கள் தலைகீழாக நின்றன. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும், மழையில் துருப்பிடிக்காமல் இருக்க, ஒரு இரும்புக் கம்பியின் முனை. ஒன்பது தூண், தூணுக்கு நான்கு கம்பி, ஒரு மீட்டர் உயரம். மேலே மாடி கட்டும்போது தூண்களை நீட்டிக்கொள்வதற்காக விட்டவை. மாடி அவருடைய மகள் மரியாந்திக்கு. கம்பி நட்டபோது அவளுக்கு நான்கு வயது. இந்த வருடம் முப்பத்தாறு. வயதும் கம்பியும் சமமாகிவிட்டன. அவள் டுசல்டார்ஃபில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள்.

எங்கள் தெருவில் பதினேழு வீடு. ஒன்றைத் தவிர எல்லாக் கூரையிலும் கம்பி உண்டு, பிள்ளைக்கு ஒரு மாடி என்ற கணக்கில். பாதிரியாருக்கு மூன்று பெண்கள், அவர் வீட்டைக் கீழிருந்து பார்த்தால் நாணல் காடு மாதிரி இருக்கும். இதுவரை ஒருவரும் மாடி கட்டவில்லை. பிள்ளைகள் ஏதென்ஸ், ஸ்டுட்கார்ட், மெல்போர்ன் என்று போய்விட்டார்கள். கம்பிகள் ஊரிலேயே இருக்கின்றன.

என்னுடையவற்றை நான் நான்கு வருடத்துக்கு முன் அறுத்தேன். மெல்போர்னில் என் மகன் வீடு வாங்கிய வாரம். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

ஸ்டெர்யோஸ் பாசன அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் மதகு திறந்தார். இந்தக் கிரேக்கச் சமவெளியில், கார்டிட்சாவுக்குத் தெற்கே எந்தப் பஞ்சு வயலுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று சீட்டு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். மனைவியின் அண்ணன் ஜிஸிஸின் வயல் ஒரு ஜூலையில் காய்ந்தபோதும் முறையை மாற்றவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் திறந்திருக்கலாம் என்று ஜிஸிஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் ஸ்டெர்யோஸ் வீட்டைக் கட்டிக்கொடுத்த கொத்தனார் அவன்தான்.

ஓய்வு பெற்ற பிறகு முறை சொல்ல எதுவும் இல்லை. பால்கனியில் உட்கார்ந்து தெருவுக்கு நேரம் பார்த்தார். ரொட்டி வண்டி நான்கு நிமிடம் தாமதம். பாதிரியார் மாலை மணியை இரண்டு நிமிடம் முன்னதாக அடித்துவிட்டார். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறிவிப்பார்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவருக்கு உண்மையான வேலை இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஊரே சுண்ணாம்பு வாளியோடு வெளியே வரும். முற்றம், நடைபாதை ஓரம், மரத்தின் அடிப்பகுதி எல்லாம் வெள்ளையாகும். ஸ்டெர்யோஸ் மட்டும் துருவைத் தடுக்கும் சிவப்பு பெயிண்டை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போவார். முப்பத்தாறு கம்பிக்கும் அடித்து, பழைய பாட்டில்களைக் கழற்றிப் புதியவை மாட்டி, பொழுது சாயும் நேரம் இறங்குவார். கை முழங்கை வரை சிவந்திருக்கும். தேவாலயத்தில் அந்தக் கையோடுதான் மெழுகுவர்த்தி பிடிப்பார். பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இந்த மனிதர் மகளுக்குச் செய்ய வேண்டியதை மறக்கவில்லை என்று.

ஆகஸ்டில் மரியாந்தி கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வருவாள். முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் ஸ்டெர்யோஸ் அவளைக் கூரைக்குக் கூட்டிப் போவார். இது சமையலறை, இது பிள்ளைகள் அறை, இந்தப் பக்கம் காற்று வரும். மரியாந்தி தலையாட்டுவாள். நான்காம் நாள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

இப்படிப்பட்டவர் சூரியத் தகடுகளுக்கு ஆசைப்பட்டதற்கு நான்தான் காரணம் என்று எவந்தியா இன்றும் சொல்கிறாள். எவந்தியா அவர் மனைவி. என் கூரையில் தகடுகள் ஏறியதிலிருந்து ஸ்டெர்யோஸ் தினமும் காலையில் பால்கனியிலிருந்து கத்துவார்.

"நேத்து எவ்வளவு?"

நான் போனைப் பார்த்துச் சொல்வேன். "இருபத்திரெண்டு யூனிட்."

"என் கூரைன்னா முப்பது வந்திருக்கும்."

"உன் கூரையில ஒண்ணுமே இல்லையேப்பா."

"அதான் சொல்றேன். கூரை அப்படி."

போன கோடை வெயில் நாற்பத்தைந்தைத் தொட்டது. எவந்தியா ஏசியை நிறுத்த மறுத்தாள். இலையுதிர் காலத்தில் வந்த மின்கட்டணச் சீட்டை அவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் போட்டு ஒட்டினார், குற்றவாளியின் படம் மாதிரி. அவள் அதன்மேலேயே பேரப்பிள்ளைகள் வரைந்த படத்தை ஒட்டினாள். விஷயம் அங்கே நின்றிருக்கும். ஆனால் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பத்துக் கேள்விகள் வந்தன. உங்கள் வீடு சூரிய மின்சாரத்துக்கு ஏற்றதுதானா?

அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பேனாவும் கொண்டு வந்திருந்தார்.

"கூரை எந்தத் திசை? தட்டைக் கூரை, எந்தத் திசையும் நம்மளது. பத்து மார்க். கூரைக்கு வயசு? முப்பத்திரெண்டு, ஒரு சொட்டு ஒழுகினதில்ல. பத்து. பக்கத்துல உயரமான கட்டடம்? உன் வீடுதான், அது குட்டை. பத்து."

"நிழல்னு ஒரு கேள்வி இருக்குமே."

"மரம் இருக்கான்னுதான் கேட்டிருக்கான். மரமே இல்ல. பத்து."

"கம்பி?"

"கம்பியைப் பத்தி கேள்வியே இல்லையே." பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார். "பாரு. எங்க இருக்கு?"

நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் லாரிசாவில் ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தார். மார்ச் பத்தாம் தேதி எஞ்சினியர் வந்து வீட்டைப் பார்ப்பார் என்றார்கள்.

பெண் பார்க்க வருகிற வீடு மாதிரிதான் இருந்தது. கூரையைப் பெருக்கி, கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி கழுவினார். வெந்நீர்த் தொட்டியைத் துணியால் துடைத்தார். மின்மீட்டர் பெட்டிக்கு எண்ணெய் போட்டார். எவந்தியா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே பூச்செண்டு ஒண்ணு வெச்சிடு மனுஷா. கூரைக்கு வெக்கம் வந்து தலை குனியட்டும்."

"வர்றவர் பெரிய எஞ்சினியர்."

"பொண்ணு கேட்டு எங்க அப்பாவைப் பார்க்க வந்தப்பகூட நீ சட்டையை அயர்ன் பண்ணல."

எஞ்சினியர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். அதற்காகவே ஸ்டெர்யோஸுக்கு அவரைப் பிடித்துப் போயிருக்க வேண்டும். ஆனால் காரிலிருந்து இறங்கியது முப்பது வயதுப் பெண். பெயர் அஸ்பசியா. ஸ்டெர்யோஸ் குனிந்து காரின் மறுபக்க இருக்கையைப் பார்த்தார்.

"எஞ்சினியர் எங்கம்மா?"

"நான்தான் ஐயா."

"ஏணி ஏறுவீங்களா?"

அவள் வீட்டைப் பார்த்தாள். "ஏணி எதுக்கு? வெளியிலேயே படிக்கட்டு இருக்கே."

இருந்தது. பளிங்குப் படிக்கட்டு, கைப்பிடியோடு. மரியாந்தியின் மாடிக்குத் தனி வாசல் வேண்டும் என்று முன்னதாகவே கட்டியது. கீழ்வீட்டுக்குள் போகிற படிகூட வெறும் சிமென்ட்தான்.

எவந்தியா முதலில் அவளை உட்கார வைத்துக் காபியும், சர்க்கரைப் பாகில் ஊறிய பிஞ்சுக் கத்தரிக்காயும் கொடுத்தாள். கூரை காத்திருக்கலாம், கத்தரிக்காய் காத்திருக்காது என்றாள். பிறகு நாங்கள் மூவரும் மேலே போனோம். நான் எதற்கு என்றால், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க. எங்கள் தெருவில் ஒருவர் கூரைக்கு ஏறினால் எதிர்வீட்டுக்காரர் கூடப் போவது வழக்கம்.

அஸ்பசியா வேலை தெரிந்தவள். போனில் திசை பார்த்தாள். கூரையின் நாலு மூலையிலும் நின்று படம் எடுத்தாள். விரிசல் இருக்கிறதா என்று தரையில் மண்டியிட்டுப் பார்த்தாள். ஸ்டெர்யோஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகனின் பரீட்சைத் தாளைத் திருத்துகிற வாத்தியாரின் பக்கத்தில் நிற்பது மாதிரி நின்றார்.

"கான்க்ரீட் நல்லாருக்கு," என்றாள்.

"பத்து," என்றார் ஸ்டெர்யோஸ் என்னிடம்.

"தெற்கே மறைப்பு எதுவும் இல்ல. வயல்தான்."

"பத்து."

"வெந்நீர்த் தொட்டியை மட்டும் வடக்கே நகர்த்தணும். அது பெரிய விஷயமில்ல." பிறகு பாட்டில்களைப் பார்த்தாள். "இதெல்லாம் எப்ப எடுக்கறீங்க?"

ஸ்டெர்யோஸ் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன்.

"ஐயா, இந்தக் கம்பி."

"அது எம்பொண்ணு மாடி."

அஸ்பசியா சுற்றிலும் பார்த்தாள். வெறும் கூரை. பாட்டில்கள் மட்டும் வெயிலில் மினுங்கின.

"மரியாந்தி," என்றார். "ஜெர்மனியில இருக்கா. வந்ததும் கட்டுவோம்."

"எப்ப வராங்க?"

"ஆகஸ்ட்ல."

"அப்படியே வந்துடறாங்களா?"

"பத்து நாள்."

அவள் சிரிக்கவில்லை. அதைப் பாராட்ட வேண்டும். சாக்பீஸ் எடுத்து ஒரு கம்பியின் நிழலைத் தரையில் கோடு போட்டாள். "இது மார்ச். டிசம்பர்ல நடுப்பகல்ல இந்த ஒரு மீட்டர் கம்பிக்கு ரெண்டு மீட்டர் நிழல் விழும். காலையிலயும் சாயங்காலமும் இன்னும் நீளம். ஒரு தகடு மேல நூல் மாதிரி நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்து போயிடும். நடுவுல மூணு தூண், தெற்கே மூணு தூண். தகடு வைக்கிற இடமே அதுதான்."

"ரெண்டுக்கு நடுவுல வெக்கலாம்ல?"

"நிழல் நடுவுலதானே ஐயா விழுது."

"கம்பிக்கு மேல உயரமா ஸ்டாண்டு போட்டு?"

"அப்ப அது தகடு இல்ல, மாடி. பர்மிட் கேப்பாங்க."

ஸ்டெர்யோஸ் யோசித்தார். முப்பத்து மூன்று வருடம் ஒரே வாய்க்காலில் நாற்பது பேருக்குத் தண்ணீர் பங்கிட்டவர். "முறை வெச்சிக்கலாம்," என்றார். "காலையில பத்து வரைக்கும் நிழல் இந்தப் பக்கம். அப்ப அந்தப் பக்கத் தகடு வேலை செய்யட்டும். மத்தியானம் மாத்திக்கலாம்."

"சூரியனுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கறியா?" என்றேன்.

"நீ டேப்பைப் பிடி."

அஸ்பசியா நோட்டை மூடினாள். "ஐயா, ஒளிக்காம சொல்றேன். வீடு ரொம்பப் பொருத்தமான வீடு. இந்தத் தெருவுலயே நல்ல கூரை உங்களோடதுதான். கம்பிதான் பொருந்தல. அறுத்தா பன்னிரெண்டு தகடு. அறுக்கலன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

"வளைச்சிடலாம்," என்றார் ஸ்டெர்யோஸ். முகம் தெளிந்துவிட்டது. "தரையோட தரையா வளைச்சு வெச்சிடறேன். மரியாந்தி வந்ததும் நிமித்திக்கலாம். பாரும்மா, நல்ல கம்பி, பழைய காலத்துக் கம்பி."

நடுத் தூணின் ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, வளைப்பதற்காக இழுத்தார்.

கம்பி வந்துவிட்டது.

வளையவில்லை. வெளியே வந்துவிட்டது, பாட்டிலோடு சேர்ந்து. அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் இல்லாமல் துரு. அவ்வளவுதான் உள்ளே இருந்தது. தூணின் உள்ளே ஆழமாகப் போயிருக்க வேண்டிய கம்பி, கேக்கில் செருகிய மெழுகுவர்த்தி மாதிரி இருந்திருக்கிறது. ஸ்டெர்யோஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அஸ்பசியா குனிந்து குழியைப் பார்த்தாள். பக்கத்துக் கம்பியை இரண்டு விரலால் அசைத்தாள். ஆடியது.

"இது தூணோட கம்பி இல்லையே. மேல நட்டிருக்காங்க," என்றாள் மெதுவாக. "கட்டினவர் உங்களை ஏமாத்தியிருக்கார் ஐயா."

"ஜிஸிஸ் ஏமாத்தல," என்றார். "நான்தான் நடச் சொன்னேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார், அவளைப் பார்த்து அல்ல, வயல்களைப் பார்த்து. அஸ்திவாரம் தோண்டியபோது ஒன்றரை மீட்டரில் தண்ணீர் வந்தது. சமவெளி மண். கீழ்வீட்டைத் தாங்கும், மாடியைத் தாங்காது, கூடுதல் இரும்பு வீண் என்று ஜிஸிஸ் சொல்லிவிட்டான். தூண்கள் கூரையோடு முடிந்தன. கான்க்ரீட் போட்ட அன்று மாலை ஸ்டெர்யோஸ் தெருவில் நின்று தன் வீட்டைப் பார்த்தார். இந்தப் பக்கம் கம்பி, அந்தப் பக்கம் கம்பி, எதிரே என் வீட்டிலும் கம்பி. அவருடைய கூரை மட்டும் வழுக்கைத் தலை. பெண்ணைப் பெற்றவன், ஒரு கம்பிகூட விடவில்லை என்று சொல்வார்களே. கான்க்ரீட் இறுகுவதற்குள் நட்டுவிடு என்று ஜிஸிஸைக் கேட்டார். ஜிஸிஸ் சிரித்துக்கொண்டே நட்டான்.

"அவளுக்குத் தெரியாது," என்றார். கீழே கையைக் காட்டினார். "யாருக்கும் தெரியாது." பிறகு என்னிடம் திரும்பினார். "நீ ஒண்ணும் பார்க்கல."

"நான் டேப்பைப் பிடிச்சிட்டிருந்தேன்."

அப்போதுதான் எவந்தியா தண்ணீர்க் கிளாஸ்களோடு படியேறி வந்தாள். கணவன் கையில் பாட்டில் மாட்டிய கம்பி. அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தலைக்கு மேலே பாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

"வந்துடுச்சா," என்றாள் எவந்தியா. தட்டைத் தொட்டியின் மேல் வைத்தாள். "நான் துணி காயப் போடறப்ப அந்த மூலையிலதான் ஒண்ணு ஆடிட்டிருந்தது. இது நல்லாருந்ததே."

ஸ்டெர்யோஸ் வாயைத் திறந்தார்.

"கட்டின அன்னைக்கு ராத்திரியே எங்க அண்ணன் சொல்லிட்டான். சாப்பிட்டுக்கிட்டே சொன்னான். சிரிச்சு சிரிச்சுப் புரையேறிடுச்சு அவனுக்கு."

"முப்பத்திரெண்டு வருஷம்," என்றார் ஸ்டெர்யோஸ். "ஒரு வார்த்தை சொல்லல நீ."

"எதுக்குச் சொல்லணும்? ஈஸ்டர் வாரத்துல வீட்டுல எனக்கு ஆயிரம் வேலை. ஒரு நாள் முழுக்க நீ கால்ல சிக்காம மேல இருந்தே. அந்தக் கம்பியை நான் ஏன் கெடுக்கணும்?"

அஸ்பசியா தண்ணீரைக் குடித்துவிட்டு, மின்மீட்டரைப் பார்க்க வேண்டும் என்று கீழே போனாள். அதை ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தாள்.

காருக்குப் போகும்போது ஒன்று சொன்னாள். வடக்கு ஓரத்தில், தெருப் பக்கம் இருக்கிற மூன்று தூணின் கம்பிகள் இருந்தாலும் பரவாயில்லை. அவற்றின் நிழல் வெளியே தெருவில் விழும், தகடுகளுக்கு வராது. நடுவிலும் தெற்கிலும் இருக்கிற ஆறு தூண் போனால் போதும். கட்டடத்துக்காகச் சொல்லவில்லை, நிழலுக்காக மட்டும் சொல்கிறேன் என்றாள். நல்ல பெண்.

ஸ்டெர்யோஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே எவந்தியாவிடம் பேசினார். ஜன்னல் திறந்திருந்தது. திறந்திருந்தால் எங்கள் தெருவில் கேட்கத்தான் செய்யும்.

"தெருப்பக்கம் மூணு இருக்கட்டும். கீழ இருந்து பார்த்தா அந்த மூணுதான் கண்ணுக்குத் தெரியும்."

"அதாவது தெரு பார்க்கறது இருக்கட்டும், என் துணி காயறது போகட்டும். அதானே?"

"பின்பக்கக் கம்பியில துணி போடச் சொன்னது யாரு?"

"வேற எதுக்கு இருந்தது அது?"

பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு எவந்தியா சொன்னாள். "நிலம் எங்க அப்பா கொடுத்தது, வீடு என் பேர்ல. விண்ணப்பத்துல கையெழுத்து நான்தான் போடணும். மரியாந்திகிட்ட நீயே போன் பண்ணிச் சொல்லு. மாடி இல்ல, மாடி எப்பவும் இருந்ததில்லன்னு சொல்லு. சொன்னப்புறம் கையெழுத்து போடறேன்."

"ஏன் இப்ப?"

"பிள்ளைங்க ரெண்டும் அங்க படம் வரைஞ்சு அனுப்புதுங்க. மேல எனக்கு நீல ரூம்னு. அதைத்தான் கரண்டு பில் மேல ஒட்டி வெச்சிருக்கேன், பார்க்கல நீ?"

பதினோரு நாள் அவர் போன் செய்யவில்லை. முதலில் ஒத்திகை பார்த்தார், என்னை மரியாந்தியாக உட்கார வைத்து. நிலத்தடி நீரிலிருந்து ஆரம்பித்தார். சமவெளியின் மண், பாசன வாய்க்கால்கள் வெட்டிய வருடம், பஞ்சு விலை. முக்கால் மணி நேரம் ஆகியும் கம்பிக்கு வரவில்லை.

"அப்பா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்றேன்.

"அவ அப்படிப் பேச மாட்டா," என்றார் கோபமாக.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து போன் செய்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், வீடியோவை எப்படித் திருப்புவது என்று எனக்குத்தான் தெரியும் என்பதால். திரையில் மரியாந்தி, பின்னால் மழை பெய்கிற ஜன்னல்.

"என்னப்பா, கோட்டு போட்டிருக்கீங்க? யாராவது போயிட்டாங்களா?"

"யாரும் போகல. மரியாந்தி, சூரியத் தகடு வெக்கறோம்."

"சூப்பர்ப்பா! நான் எத்தனை வருஷமா சொல்றேன்."

"கூரை பொருத்தம். எஞ்சினியரே சொல்லிட்டா. தெருவுலயே நல்ல கூரை நம்மளதுதான்." தொண்டையைக் கனைத்தார். "ஆனா கம்பியை அறுக்கணுமாம்."

திரை உறைந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். உறையவில்லை.

"எல்லாமா?" என்றாள் மரியாந்தி.

"ஆறு தூண். மூணு இருக்கும். தெருப்பக்கம் மூணு."

"அப்ப," என்றாள். சிரித்தாள், ஆனால் அது கேலிச் சிரிப்பு இல்லை. "அப்ப ஒரு ரூமாவது வரும்ல?"

எவந்தியா மேசையின் மறுபக்கம் நின்றாள், திரையில் தெரியாத இடத்தில். அவள் கண் அவர்மேல் இருந்தது. ஸ்டெர்யோஸும் அவளைப் பார்த்தார். மதகுச் சீட்டு எழுதிய முப்பத்து மூன்று வருடத்தில் அந்த மனிதர் ஒரு மணி நேரம்கூடப் பொய்யாக எழுதியதில்லை.

"வரும்," என்றார். "ஒரு ரூம் வரும். காத்து வர்ற பக்கம்."

"போதும்ப்பா. எங்களுக்கு அது போதும்."

போன் அணைந்தது. ஸ்டெர்யோஸ் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். எவந்தியா இழுப்பறையைத் திறந்து பேனாவைத் தேடினாள். முதல் பேனா எழுதவில்லை, இரண்டாவது எழுதியது.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கம்பி அறுத்தார்கள். ஊர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்ததால் பார்க்க எல்லோரும் வெளியில் இருந்தார்கள். வெல்டிங் பட்டறைக்காரன் அறுப்பு மெஷினை வைத்ததும் முதல் கம்பி ஆட ஆரம்பித்தது.

"அண்ணே, இது ஆடுதே. கையாலயே வந்துடும் போல."

"பிடுங்காதே," என்றார் ஸ்டெர்யோஸ். "அறு."

"பிடுங்கினா பத்து நிமிஷ வேலைண்ணே."

"அறுக்கறதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். அறு."

மத்தியானம் வரை பொறி பறந்தது. இருபத்து மூன்று கம்பியை அவன் அறுத்தான். இருபத்து நான்காவதை ஸ்டெர்யோஸ் முன்னாடியே சிமென்ட் வைத்து மறுபடி நட்டு வைத்திருந்தார். அதையும் அறுத்தான். கீழே நின்ற பாதிரியார் மனைவி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பெண்ணைக் கைவிட்டுவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று தூணின் கம்பிகள் தெருவைப் பார்த்துச் சிவப்பாக நின்றன, புதுப் பெயிண்ட், புதுப் பாட்டில். அந்த வருடம் பெயிண்ட் டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம்.

மே மாதம் பன்னிரண்டு தகடு ஏறியது. முதல் நாளே என்னைவிட மூன்று யூனிட் அதிகம். பால்கனியிலிருந்து எண்ணைக் கத்தினார். மறுநாளும் கத்தினார். ரொட்டி வண்டிக்காரனுக்கு இப்போது நிம்மதி. ஸ்டெர்யோஸ் மேகங்களுக்கு நேரம் பார்க்கிறார்.

அந்த வாரமே எவந்தியா ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே போனாள். வடக்குப் பக்கக் கம்பிகளில், மூன்று தூணையும் சேர்த்து இழுத்துக் கட்டினாள். கட்டுவதற்கு முன் அஸ்பசியாவுக்குப் போன் செய்து கேட்டாளாம். துணியின் நிழலும் தெருவில்தான் விழும், தாராளமாகக் கட்டுங்கள் என்றாளாம் அவள்.

மறுநாள் காலை தெருவுக்கு நேரே, கொடி மாதிரி, ஸ்டெர்யோஸின் நீளக் கால்சட்டை உள்ளாடைகள் ஐந்து பறந்தன. பாதிரியார் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"பின்னாடி கட்டக்கூடாதா?" என்று அவர் கேட்டது என் வீடு வரை கேட்டது.

"பின்னாடி கரண்டு விளையுது மனுஷா. நீதானே சொன்னே, தெரு பார்க்கணும்னு. பார்க்கட்டும்."

ஆகஸ்டில் மரியாந்தி வந்தாள். முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் ஸ்டெர்யோஸ் அவளைக் கூரைக்குக் கூட்டிப் போனார். நான் என் பால்கனியில் இருந்தேன். தகடுகளைக் காட்டினார், கையை வீசிக் காட்டினார், எத்தனை யூனிட் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு வடக்கு ஓரத்துக்கு வந்து, நடந்து அளந்து, ஒரு அறையின் நாலு மூலையையும் காற்றில் வரைந்தார். மரியாந்தி தலையாட்டினாள். அவர் வெந்நீர்த் தொட்டியைப் பார்க்க அந்தப் பக்கம் போனார்.

மரியாந்தி வாளியிலிருந்து பிள்ளைகளின் ஈர உடைகளை எடுத்தாள். கயிற்றை இழுத்துப் பிடிக்க ஒரு கையைக் கம்பியில் ஊன்றினாள்.

கம்பி ஆடியது. எதிர்வீட்டிலிருந்து எனக்கே தெரிந்தது, பாட்டில் நன்றாகச் சாய்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. குனிந்து அடியைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். அப்பா இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியின் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் இடது கையால் கம்பியை நேராகப் பிடித்துக்கொண்டாள். வலது கையால், ஒவ்வொன்றாக, துணியைப் போட்டு முடித்தாள்.